ஏரிக்கரைக்குள் மண் அரிக்கிறதா? கடலூர், புதுச்சேரி பக்கத்துக் கேள்விகளும் என் பதில்களும்

ஏரி, வாய்க்கால், மதகு என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஐப்பசி பிறந்தால் போதும், காட்டுமன்னார்கோயில், திட்டக்குடி, குறிஞ்சிப்பாடி, பாகூர் என்று நாலா பக்கமிருந்தும் போன் வரும். "கரைக்குக் கீழே தண்ணி ஊறுது சார், என்ன பண்றது?" கேட்கிற ஆள் மாறுவார், கேள்வி மாறாது. அதனால் அடிக்கடி வருகிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் எழுதிவைத்துவிட்டேன்.

கரை வெளியே நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே அரிப்பு என்றால் என்ன?

மண்கரை எல்லாமே கசியும். கசியாத மண்கரை என்று ஒன்று இல்லை. கசிகிற தண்ணீர் தனியாகப் போனால் தொல்லை இல்லை. அது மண்ணையும் கூடவே இழுத்துக்கொண்டு போகத் தொடங்கினால் அதுதான் உள் அரிப்பு.

இது பல விதமாக வரும். கரையில் ஏற்கெனவே ஒரு விரிசலோ எலிவளையோ இருந்தால், அதன் வழியே ஓடும் தண்ணீர் ஓட்டையின் சுவரைச் சுரண்டிப் பெரிதாக்கும். சரளை கலந்த மண்ணாக இருந்தால், கல் நின்ற இடத்தில் நிற்க, இடையிலிருக்கும் பொடி மண் மட்டும் கழுவிக்கொண்டு போகும். களிமண்ணும் பரு மணலும் தொட்டுக்கொள்கிற இடத்தில், மணலில் ஓடும் தண்ணீர் களியை மெல்ல மெல்ல நக்கும்.

நம் பக்கத்தில் நான் அதிகம் அஞ்சுவது இன்னொன்று. கரைக்கு வெளியே வயல் ஓரத்தில் மணல் பொங்கும். மணல் வெளியே வர வர, உள்ளே ஒரு குழாய் ஏரியை நோக்கிப் பின்பக்கமாக வளரும். இது நடக்க மேலே கூரை மாதிரி நிற்கக் களியும், கீழே அள்ளிக்கொண்டு போக மணலும் வேண்டும். கொள்ளிடம், வெள்ளாறு, தென்பெண்ணை கொண்டுவந்து போட்ட வண்டலில் களியும் மணலும் மாறி மாறி அடுக்காக வருவது சாதாரணம். குழாயின் வாய் ஏரித் தண்ணீரைத் தொடும்வரை மேலே ஒன்றும் தெரியாது. தொட்டுவிட்டால் மணிக்கணக்கில் வேலை முடிந்துவிடும்.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் அணை 1976 ஜூன் 5 காலையில் கலங்கலாகக் கசிந்தது. நண்பகலுக்குள் அணை உடைந்தது. 11 பேர் இறந்தார்கள். அது 93 மீட்டர் உயர அணை, முதல்முறையாக நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நம் ஏரிக்கரை அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. ஆனால் மண் நடந்துகொள்ளும் விதம் ஒன்றுதான். உலகில் உடைந்த மண் அணைகளில் ஏறக்குறைய பாதி இப்படி உள்ளிருந்து அரிக்கப்பட்டு உடைந்தவை. மீதியில் பெரும்பங்கு வெள்ளம் கரைமேல் வழிந்து உடைந்தவை.

வீராணம் ஆயிரம் ஆண்டாக நிற்கிறது. எங்கள் கரையும் தாத்தா காலத்துக் கரை. இத்தனை நாள் தாங்கியது இனிமேல் தாங்காதா?

வீராணம் பத்தாம் நூற்றாண்டு ஏரி. முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன் வெட்டியது. பராந்தகனின் பட்டப்பெயரான வீரநாராயணன்தான் வாயில் புழங்கிப் புழங்கி வீராணம் ஆயிற்று. ஆனால் இன்று நாம் பார்க்கிற கரையில் சோழர் காலத்து மண் எவ்வளவு மிச்சமிருக்கும்? ஒவ்வொரு தலைமுறையும் மண் கொட்டி, உயர்த்தி, உடைந்த இடத்தை அடைத்து வந்திருக்கிறது. அந்த ஒட்டுகளில்தான் தண்ணீர் வழி தேடும்.

வயதாக ஆக, பட்டுப்போன மரத்தின் வேர் மக்கிக் குழாய் ஆகும். மதகின் சுண்ணாம்புக் காரை கரையும். வறட்சி ஆண்டுகளில் மேல்மண் வெடிக்கும். அப்புறம் பல ஆண்டு பாதிகூட நிரம்பாத ஏரி, ஒரே புயலில் ததும்பும். 2015 நவம்பர் மழையிலும் 2024 ஃபெஞ்சல் புயலிலும் நாம் பார்த்ததுதான். வெடிப்பு விழுந்த அந்த மேல் அடிகளைத் தண்ணீர் பல ஆண்டு கழித்து அன்றுதான் தொடுகிறது.

கனடாவில் பென்னட் அணை என்று 183 மீட்டர் உயர மண் அணை ஒன்று உண்டு. கட்டி முடித்து ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்து, 1996இல், அதன் உச்சியில் போகிற சாலையில் ஒரு பள்ளம் விழுந்தது. தோண்டிப் பார்த்தால் கீழே மண் தளர்ந்து கிடந்தது. முப்பது ஆண்டு அது சத்தமில்லாமல் நடந்திருக்கிறது.

கரைக்குக் கீழே எப்போதும் ஈரம். பயப்பட வேண்டுமா?

எப்போதும் ஒரே அளவு ஈரம், தெளிந்த தண்ணீர், ஏரி இறங்கினால் அதுவும் குறைகிறது என்றால் பயம் வேண்டாம், பார்த்துக்கொண்டிருங்கள்.

கீழே சொல்கிறவை வேறு ரகம். நேற்றுவரை காய்ந்திருந்த இடத்தில் கோரை தழைப்பது. தண்ணீர் கலங்கி வருவது. ஊற்றைச் சுற்றி எறும்புப் புற்று மாதிரி மணல் வளையம் கட்டுவது. கரைமேல் நடக்கும்போது ஓரிடத்தில் மட்டும் கால் அமுங்குவது. மதகு மூடியிருக்கும்போதும் வெளிவாயில் தண்ணீர் வந்துகொண்டே இருப்பது. ஏரிக்குள் கரையோரத்தில் சுழி தெரிவது. கடைசியில் சொன்னதைக் கண்டால் இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள், ஊரை எழுப்புங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கசிவு திடீரென்று குறைவதும் நல்ல செய்தி அல்ல. வடிகால் அடைத்துக்கொண்டிருக்கலாம், தண்ணீர் வேறு வழி பிடித்திருக்கலாம்.

கலங்கலைக் கண்ணால் மட்டும் நம்பாதீர்கள். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, தேதி எழுதி, ஒரு நாள் அசையாமல் வையுங்கள். அடியில் எவ்வளவு மண் படிகிறது என்று தெரியும். விநாடிக்கு 2 லிட்டர் கசிவில் லிட்டருக்கு 0.1 கிராம் மண், அதாவது ஒரு சிட்டிகைகூட இல்லை, வந்தால் ஒரு நாளைக்கு 17 கிலோ. மாதத்துக்கு அரை டன். அவ்வளவு மண்ணும் கரைக்குள் எங்கிருந்தோதான் போகிறது.

கசிவை அளப்பது எப்படி? எங்களிடம் கருவி ஒன்றும் இல்லையே.

கசிவுத் தண்ணீரை ஒரு சின்ன வாய்க்காலில் சேர்த்து, அதன் குறுக்கே நடுவில் 90 பாகை கோணத்தில் வி வடிவம் வெட்டிய தகடு ஒன்றை நிறுத்துங்கள். வெட்டின் அடிமுனைக்கு மேல் எத்தனை சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கிறது என்று, தகட்டிலிருந்து கொஞ்சம் பின்னால் தள்ளி ஸ்கேல் வைத்துப் படியுங்கள். 5 செ.மீ. என்றால் விநாடிக்கு முக்கால் லிட்டர் அளவு. 7 செ.மீ. என்றால் ஏறக்குறைய 1.8 லிட்டர். 10 செ.மீ. என்றால் 4.4 லிட்டர். ஸ்கேலில் 5இலிருந்து 7க்கு இரண்டு சென்டிமீட்டர்தானே ஏறியது என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. கசிவு இரண்டு மடங்குக்கு மேல் போயிருக்கிறது.

பக்கத்திலேயே அன்றைய ஏரி மட்டத்தையும் மழையையும் எழுத வேண்டும். ஏரி ஏறினால் கசிவும் ஏறத்தான் செய்யும். போன ஆண்டு இதே மட்டத்தில் எவ்வளவு வந்தது என்பதுதான் கேள்வி. அதற்குப் போன ஆண்டின் நோட்டு வேண்டும். நான் வேலை பார்த்த காலத்தில் மதகு, வாய்க்காலைப் பார்த்துக்கொள்கிற லஸ்கர் ஒருவர் கோடு போட்ட நோட்டில் பதினோரு ஆண்டுக் கணக்கு வைத்திருந்தார். எந்த ஆய்வு அறிக்கையும் எனக்கு அந்த அளவுக்கு உதவியதில்லை.

முதலில் எங்கே பார்க்க வேண்டும்?

மதகில். சந்தேகமே வேண்டாம்.

மண்ணும் கட்டடமும் சேருகிற இடத்தில் மண்ணை நன்றாகத் திமிசு போட்டு இறுக்க முடியாது. செங்கல் கட்டடம் அமுங்காது, பக்கத்து மண் அமுங்கும், நடுவில் இடைவெளி விழும். 1961 ஜூலை 12 அன்று புனேயை மூழ்கடித்த பான்ஷெட் அணையிலும் கீழே தண்ணீர் போகும் சுரங்கத்துக்கு மேலிருந்த மண்தான் முதலில் அமிழ்ந்தது. மதகின் வெளிவாய்க்குப் பக்கத்துச் சுவரோரம் ஊறுகிறதா, மதகுக்கு நேர்மேலே கரையில் பள்ளம் தெரிகிறதா என்று பாருங்கள்.

அடுத்து, பழைய உடைப்பை அடைத்த இடம். ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதற்குப் பிறகு பெருச்சாளி வளை, நண்டு வளை, கறையான் புற்று.

கரையோரம் சவுடு மண் எடுக்கிறார்கள். கரையைத் தொடவில்லை, பக்கத்து நிலம்தானே?

இதுதான் எனக்குக் கோபம் வருகிற கேள்வி. கரைக்கு அடியில் போகிற தண்ணீர் எவ்வளவு நீளம் மண்ணுக்குள் ஊர்ந்து போக வேண்டியிருக்கிறதோ, அவ்வளவுக்கு அதன் வேகம் செத்துப்போகும். இந்தியப் பாசன வேலைகளில் இருந்த பிளை என்கிற பொறியாளர் நூறு ஆண்டுக்கு முன்பே ஒரு கணக்குச் சொன்னார். அடியில் மணல் நுண்மணலாக இருந்தால், ஒவ்வொரு அடி நீர் உயரத்துக்கும் தண்ணீர் ஊர்ந்து போகிற வழி 15 அடி வேண்டும். இன்றைய கணக்குகள் நுட்பமானவை என்றாலும் கைக்கணக்குக்கு அது போதும். பத்து அடித் தண்ணீர் என்றால் 150 அடி. கரையின் அடியில் ஜேசிபியை விட்டுக் குழி தோண்டினால் அந்த வழி குறைகிறது, மேலே மூடியிருக்கிற களியும் போகிறது. பண்ணைக்குட்டை, மீன்குட்டை, அகலப்படுத்திய வாய்க்கால், எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

நள்ளிரவில் கலங்கல் ஊற்று கிளம்பிவிட்டது. மூட்டை போட்டு அடைத்துவிடலாமா?

வெளிப்பக்கத்தில் அடைக்காதீர்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை நானே செய்தேன். ஏரியின் பெயர் வேண்டாம். கையளவு ஊற்று. களிமண் மூட்டையும் சிமெண்ட் சாக்கும் போட்டு மிதித்து அடைத்தோம். நின்றுவிட்டது. டீ குடித்துவிட்டுப் போய்ப் படுத்தோம். விடிவதற்குள் இருபது அடி தள்ளி மூன்று இடத்தில் மணல் பொங்கியது. தண்ணீருக்கு நாங்கள் கதவை மூடினோம், அழுத்தம் உள்ளேயே நின்றது, மெலிந்த இடத்தைப் பிய்த்துக்கொண்டு வந்தது. அன்று வந்த மேலதிகாரி திட்டவில்லை. "தண்ணிய விடு, மண்ணப் பிடி" என்று மட்டும் சொன்னார்.

செய்ய வேண்டியது இது. ஊற்றைச் சுற்றி, கிணற்று உறை போல, மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்குங்கள். உள்ளே தண்ணீர் ஏறி நிற்கும். அந்த நீர் உயரமே எதிர் அழுத்தம் கொடுத்து ஓட்டத்தைத் தணிக்கும். ஊற்றே நின்றுபோகிற அளவுக்கு உயர்த்தக் கூடாது. தண்ணீர் தெளியும்வரை போதும், மிச்சம் ஒரு குழாய் வழியே வெளியே போகட்டும். மூட்டை வட்டம் போட முடியாத அளவு பரவலாக ஊறினால், முதலில் பரு மணல், அதன்மேல் சின்ன ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி என்று போடுங்கள். நேரே கருங்கல்லைக் கொட்டினால் கல் இடுக்கு வழியே மண் போய்க்கொண்டேதான் இருக்கும்.

அடைப்பது என்றால் ஏரிப் பக்கம்தான் அடைக்க வேண்டும். சுழி தெரிகிற இடத்தில் தார்ப்பாயில் பாரத்துக்கு மூட்டை கட்டி இறக்கலாம். ஆனால் ஆள் தண்ணீரில் இறங்கக் கூடாது. இழுத்துக்கொண்டு போய்விடும்.

கூடவே ஏரி மட்டத்தை இறக்க வேண்டும். சாதாரண நேரத்தில் சடாரென்று இறக்கினால் உள்சரிவு சரியும், அதனால் படிப்படியாக இறக்குவோம். கலங்கல் கூடிக்கொண்டே போகிறதென்றால் அந்தக் கவலை இரண்டாவது. கசிகிற மதகையே திறந்து விடாமல் வேறு மதகு அல்லது உபரி நீர் வழிகிற கலிங்கல் வழியாக விடுங்கள். 1077க்கு அழைத்து மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லுங்கள். கீழே இருக்கிற தெருக்களைக் காலி செய்யச் சொல்லத் தயங்காதீர்கள். கரை தப்பித்துவிட்டால் உங்களைக் கேலி செய்வார்கள், செய்யட்டும்.

உள்ளே எங்கே அரிக்கிறது என்று கண்டுபிடிக்க போர் போட்டுப் பார்க்கலாமா?

போடலாம், ஆனால் அதுதான் கடைசி வேலை. முதலில் பழைய வரைபடம், உடைப்புக் கணக்கு, கசிவு நோட்டு. அடுத்து, கரையைக் காலால் நடந்து பார்ப்பது. புல் செதுக்காமல் நடந்தால் ஒன்றும் தெரியாது.

அப்புறம் மின் தடை அளவீடு. கரை நெடுக முளை அடித்து மின்சாரம் செலுத்தி எங்கே தடை குறைவு என்று படம் எடுப்பார்கள். ஈரமான இடம் அதில் தெரியும். ஒரு எச்சரிக்கை: பெருமாள் ஏரி மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் நிலத்தடி நீரில் உப்பு இருந்தால் அதுவும் படத்தில் ஈரம் போலவே காட்டும். களிமண்ணும் அப்படித்தான். அதனால் ஏரி வற்றியிருக்கும்போது ஒரு முறை, நிரம்பியிருக்கும்போது ஒரு முறை எடுத்து, எது மாறியது என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்கிறவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

சாயம் விட்டும் பார்க்கலாம். மதகின் முன்பக்கம் ஃபுளோரசின் கலந்து, வெளியே எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்ப்பது. நிமிடக் கணக்கில் வந்தால் அது கசிவு இல்லை, ஓட்டை. மஞ்சள் கரைத்து ஊற்றலாமா என்று ஒருவர் கேட்டார். மஞ்சள் தண்ணீரில் கரையாது, மண்ணே அதை வடிகட்டிவிடும்.

போர் போடும்போது அழுத்தத்தோடு தண்ணீரோ காற்றோ செலுத்தித் துளையிடக் கூடாது. அந்த அழுத்தமே கரையைப் பிளந்துவிடும். உலர் முறையில் துளையிட்டு, மாதிரி எடுத்து, தேவையான துளையில் நீர் அழுத்தம் காட்டும் பீசோமீட்டர் வைத்து, மற்றவற்றை பெண்டோனைட்டும் (தண்ணீரில் உப்புகிற ஒரு வகைக் களி) சிமெண்டும் கலந்து அடியிலிருந்து மேல்வரை மூட வேண்டும். மூடாமல் விட்ட துளையைவிட நல்ல வழி தண்ணீருக்குக் கிடைக்காது.

எங்கள் மண் கரைகிற மண்ணா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள முடியுமா?

ஓரளவுக்கு முடியும். கரைக்குள்ளிருந்து எடுத்த மண்ணில் சுண்டைக்காய் அளவு ஒரு கட்டி. ஒரு டம்ளரில் பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்த நீர். போர்வெல் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்பு சோதனையைக் கெடுத்துவிடும். கட்டியை மெல்ல விட்டு, பத்து நிமிடம் டம்ளரை அசைக்காதீர்கள். கட்டி உதிர்ந்து குவியலாகக் கிடந்தால் சரி. அதைச் சுற்றிப் பால் மாதிரி மேகம் பரவினால் அது சோடியம் மிகுந்த மண். அப்படிப்பட்ட மண் மெல்லிய விரிசல் வழியே ஓடும் தண்ணீரிலும் கரைந்து போகும். அத்தகைய மண்ணில் ஜிப்சமோ சுண்ணாம்போ கலந்து பலப்படுத்துவது உண்டு.

மேகம் வரவில்லை என்பதால் மண் நல்லது என்று முடிவு கட்ட முடியாது. ஆய்வகத்தில் ஊசித்துளைச் சோதனை, அதாவது மண்ணில் ஊசியளவு துளை போட்டுத் தண்ணீர் ஓடவிட்டுப் பார்க்கிற சோதனை, செய்யச் சொல்லுங்கள்.

சிமெண்ட் கிரவுட் அடித்தால் போதும் என்கிறாரே ஒப்பந்தக்காரர்?

கிரவுட் என்பது சிமெண்ட் பாலை அழுத்தத்தோடு உள்ளே செலுத்துவது. பாறை இடுக்குக்கும், மதகுச் சுவரை ஒட்டிய வெற்றிடத்துக்கும் அது நல்லது. மண்கரையின் உடம்புக்குள் அழுத்தி அடிப்பதை நான் ஏற்பதில்லை. நுண்மண்ணுக்குள் சிமெண்ட் போகாது. அழுத்தம் கூட்டினால் புதிய பிளவு விழும். போன இடத்தில் கல்லாக இறுகி நிற்கும், பக்கத்து மண் அசையும்போது அது அசையாது. எத்தனை மூட்டை போனது என்று பில் மட்டும் சுத்தமாக இருக்கும்.

அப்படியானால் நிரந்தர வழி?

வடிகட்டி. கரையின் வெளிப்பக்கத்தில், கசிவு வெளிவரும் இடத்தை மூடுகிற மாதிரி மணல் அடுக்கு, அதன்மேல் ஜல்லி, அதன்மேல் எடைக்கு மண் மேடை, தண்ணீர் வெளியேற அடிக்கால் வடிகால். இந்த அறிவை ஒழுங்குபடுத்தித் தந்தவர் மண் இயக்கவியலின் தந்தை எனப்படும் டெர்சாகி. சல்லடையில் சலித்த கணக்கில் சொன்னால், வடிகட்டி மணலில் எடைக்கு 15 சதவீத மணிகள் எந்தப் பருமனுக்குக் கீழே இருக்கின்றனவோ அந்தப் பருமன், கரை மண்ணில் 85 சதவீத மணிகள் கீழே இருக்கும் பருமனைப் போல நான்கைந்து மடங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மண் புகுந்து போகும். மிகவும் நுண்ணியதாகவும் இருக்கக் கூடாது, தண்ணீர் போக முடியாமல் அடைத்துக்கொள்ளும்.

ஆற்று மணல் கிடைக்கவில்லை, எம்-சாண்ட் போடலாமா என்கிறார்கள். கழுவி, பொடி நீக்கியதாக இருந்தால் போடலாம். 75 மைக்ரானுக்குக் கீழான பொடி 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு எளிய சோதனை உண்டு. சில்வர் பீச்சில் பிள்ளைகள் கட்டுகிற மாதிரி, ஈர மணலை வாளியில் அமுக்கிக் கவிழ்த்து, அந்தக் கோட்டையைத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள். நனைந்ததும் சரிந்து விழுந்தால் நல்ல வடிகட்டி மணல். விழாமல் நின்றால் அதில் பொடி இருக்கிறது. கரையில் விரிசல் விழும்போது அதுவும் விரிசல் விட்டு நிற்கும், சரிந்து அடைக்காது.

கரைக்கு அடியில் ஆழமாக மணல் அடுக்கு இருந்தால் வடிகட்டி மட்டும் போதாமல் போகலாம். அப்போது நடுவில் பெண்டோனைட் சுவர், அல்லது ஏரிப் பக்கம் களிமண் விரிப்பு, அல்லது வெளிப்பக்கம் அழுத்தம் குறைக்கும் கிணறுகள் என்று போகும். செலவு கூடிய வேலைகள். ஆய்வு செய்தவரே சொல்ல வேண்டும்.

வெலிங்டன் ஏரிக் கரை அடிக்கடி உள்வாங்கியதே, அதுவும் இதுதானா?

கீழ்ச்செருவாயில் 1913இல் தொடங்கி 1923இல் முடித்த ஏரி. வெள்ளாற்றில் தொழுதூர் அணைக்கட்டிலிருந்து தண்ணீர் வருகிறது. அதன் கரையில் ஒரு பகுதி திரும்பத் திரும்ப அமிழ்ந்து, பெருஞ்செலவில் பழுது பார்க்கப்பட்டது. ஆனால் கரை அமிழ்வதெல்லாம் உள் அரிப்பு ஆகாது. அடிமண் பாரம் தாங்காமல் பிதுங்கினாலும் அமிழும், களி ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கினாலும் அமிழும். அரிப்பு என்றால் எங்காவது மண் வெளியே வந்திருக்க வேண்டும். நோயை மாற்றிக் கண்டுபிடித்தால் மருந்தும் மாறிப்போகும். அமிழ்ந்த கரைமேல் மறுபடி மண்ணைக் கொட்டினால் பாரம்தான் கூடும்.

கரைமேல் இருக்கிற மரங்களை வெட்டிவிடலாமா?

சீமைக் கருவேலத்தைச் சின்னதிலேயே வேரோடு எடுங்கள். பெரிய பழைய மரத்தை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். வெட்டிய பிறகு வேர் உள்ளே மக்கித்தான் வழி உண்டாகும். ஏரி வற்றியிருக்கும் கோடையில் வெட்டி, தூரோடு தோண்டி, குழியை அதே மண்ணால் அடுக்கடுக்காகத் திமிசு போட்டு மூட முடியுமானால் மட்டும் கை வையுங்கள்.

யாரிடம் சொல்வது? சட்டம் ஏதும் இருக்கிறதா?

கடலூரில் நீர்வளத் துறை, புதுச்சேரியில் பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவு. ஊசுட்டேரி மாதிரி தமிழ்நாடு, புதுச்சேரி என்று இரண்டு பக்கமும் கிடக்கிற ஏரி என்றால் இரண்டு துறையிலும் எழுதிக் கொடுத்து முத்திரை வாங்குங்கள். அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்யச் சொல்கிறது. ஆனால் அது 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றுக்கும்தான். நம் ஏரிகள் பெரும்பாலும் 10 மீட்டரையே தொடாதவை. சட்டம் பார்க்காத கரையை ஊர்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

பழுது பார்த்தாயிற்று. இந்த ஆண்டே முழுக் கொள்ளளவுக்கு நிரப்பலாமா?

ஒரே மூச்சில் வேண்டாம். பாதி நிரப்பி நிறுத்துங்கள். சில நாள் கசிவும் பீசோமீட்டரும் ஒரு நிலைக்கு வருகின்றனவா பாருங்கள். பிறகு முக்கால், மறுபடி நிறுத்தம், அதன் பிறகு முழுசு. கடைசி அடிகள் ஏறும்போது இரவிலும் ஆள் நடக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை நம் வசதிக்கு நின்று நின்று பெய்யாது என்பது தெரியும். அதனால்தான் கலிங்கலும் ஷட்டர்களும் வேலை செய்கின்றனவா என்று புரட்டாசியிலேயே பார்க்கச் சொல்கிறேன்.

புது வடிகாலில் முதலில் கொஞ்ச நேரம் கலங்கல் வரும். அது வடிகட்டி மணலில் ஒட்டியிருந்த பொடி. ஓரிரு நாளில் தெளிந்துவிட வேண்டும். தெளியவில்லை என்றால் நிரப்புவதை நிறுத்திவிட்டு எனக்குச் சொல்லுங்கள். வரும்போது அந்தப் பாட்டிலையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.